எர்த் வயர் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில் எர்த்தைப் பற்றி ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. கணக்குகள் எல்லாம் 230 வோல்ட் சப்ளையை வைத்துப் போட்டவை. 120 வோல்ட் ஓடும் நாடுகளில் எண்கள் மாறும், விஷயம் மாறாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாக்கெட்டையோ மெயின் போர்டையோ திறந்து பார்க்கும் வேலை அதைக் கற்றவர்களுக்கு உரியது. இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்.

மூணாவது வயர் இல்லாமலேயே எல்லாச் சாமானும் ஓடுதே. அப்புறம் எர்த் எதுக்கு?

ஓடுவதற்கு எர்த் தேவையே இல்லை, அது உண்மைதான். கரண்ட் ஃபேஸில் வந்து நியூட்ரலில் திரும்புகிறது. அந்த இரண்டு வயரோடு சாமானின் வேலை முடிந்துவிடும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் வரை எர்த் வயர் சும்மாவே கிடக்கும். வருடக்கணக்காக அப்படிக் கிடப்பதால்தான் அது வெட்டி வயர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

எர்த்தின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி என எதை எடுத்தாலும் நம் கை படுகிற உலோக பாடியில்தான் அது முறுக்கப்பட்டிருக்கும். உள்ளே ஓர் ஃபேஸ் வயர் அதிர்வில் தேய்ந்தோ, சூட்டில் உரிந்தோ, ஈரம் ஏறியோ அந்த பாடியைத் தொட்டுவிட்டால், சாமான் எப்போதும் போல ஓடிக்கொண்டிருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அந்த நேரத்துக்காகத்தான் மூன்றாவது வயர்.

எர்த்துல போன கரண்ட் மண்ணுக்குள்ள போய் என்ன ஆகும்? மண்ணு அதை இழுத்துக்குமா?

இழுத்துக்கொள்ளாது. எர்த் பற்றிய தவறான எண்ணங்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. கரண்ட் எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். சுற்று முழுமையாகாமல் அது ஓடாது. நம் வீட்டுக்கு அது கிளம்புவது தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. அந்த டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் முனையை மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால் மண்ணும் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போகும் ஒரு வழியாகிவிடுகிறது.

ஒற்றை மின்கம்பியில் உட்கார்ந்த பறவைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதற்குத் திரும்பும் வழி இல்லை. நாம் தரையில் நின்றுகொண்டு ஃபேஸைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. நம் காலுக்குக் கீழே திரும்பும் வழி இருக்கிறது. எர்த் வயர் செய்வதெல்லாம், நம் உடம்பைவிடப் பல மடங்கு எளிதான திரும்பும் வழியைப் பழுதான பாடிக்கு முன்கூட்டியே போட்டுவைப்பதுதான்.

ஃபேஸ் வயர் பாடியில பட்ட உடனே சரியா என்னதான் நடக்குது?

எர்த் வயர் ஒழுங்காக இருக்கிற வீட்டை முதலில் பார்ப்போம். சில ஊர்ச் சப்ளை முறைகளில், டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் திரும்பும் வழி முழுக்க உலோகமாகவே இருக்கும். ஃபேஸ் வயர், பாடி, எர்த் வயர் என டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்பும் மொத்தச் சுற்றுக்கும் 1 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 1 ஓமால் வகுத்தால் 230 ஆம்பியர். அந்த சாக்கெட்டுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து சப்ளையை அறுக்கும் ஸ்விட்ச்) போட்டிருக்கிறது. பி வகை எம்.சி.பி. என்றால் 80 ஆம்பியருக்குள்ளேயே சட்டென்று விழுந்துவிடும், சி வகை என்றால் 160-க்குள். 230 ஆம்பியர் வந்தால் இரண்டுமே கண்சிமிட்டும் நேரத்துக்குள் விழும். "டப்" என்று ஒரு சத்தம், அந்த சாக்கெட் செத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கணப்பொழுதில் பாடி முழுக்கப் பாதுகாப்பாக இருப்பதில்லை. எர்த் வயரும் ஃபேஸ் வயரும் ஒரே கனம் என்றால், கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் பாடியில் நிற்கும். ஆகவே எர்த் வயர் இருப்பதாலேயே ஷாக் வராது என்று சொல்ல முடியாது. பெரிய கரண்டை வரவழைத்து, சப்ளையை அறுக்கிற கருவியை உடனே விழவைப்பதுதான் அதன் வேலை. விழ வேண்டிய கருவி விழாவிட்டால் எர்த் பாதி வேலையோடு நின்றுவிடுகிறது. கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

எர்த் வயரே இல்லாத வீட்டில் எதுவும் நடக்காது. சத்தம் இல்லை, எம்.சி.பி. விழாது. பாடி 230 வோல்ட்டில் அமைதியாகக் காத்திருக்கும்.

எம்.சி.பி. இருக்கே, அது மனுஷனைக் காப்பாத்தாதா?

நேரடியாகக் காப்பாற்றாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வந்தது: அளவுக்கு மீறிய லோடு, ஷார்ட் சர்க்யூட், அதனால் வரும் தீ. மனித உடம்புக்குத் தாங்கும் கரண்டின் அளவே வேறு. அரை மில்லி ஆம்பியர் ஓடினாலே லேசாக உணர்வோம். சுமார் 10 மில்லி ஆம்பியரில் கைத் தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி அது நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

ஈரக் கையும் வெறுங்காலுமாக இருக்கும் உடம்பின் தடையை 1000 ஓம் என்று எடுத்தால், 230 வோல்ட்டில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க அது தாராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் எம்.சி.பி. நிமிர்ந்தே நிற்கும்.

அப்போ எர்த் வயரும் எம்.சி.பி.யும் சேர்ந்து இருந்தா போதும்தானே?

திரும்பும் வழி முழுக்க உலோகமாக இருந்தால் பெரும்பாலும் போதும். வீட்டுக்குச் சொந்தமாக ஒரு எர்த் ராடு, அதாவது உலோகக் கம்பி, மண்ணுக்குள் அடித்து, கரண்ட் மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டிய இடங்களில் போதாது. அங்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராடின் தடை 20 ஓம் என்றும் மீதிச் சுற்றுக்கு 2 ஓம் என்றும் வைப்போம். 230-ஐ 22-ஆல் வகுத்தால் சுமார் 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு எத்தனை நாளானாலும் விழாது.

அதோடு, அந்த 10 ஆம்பியர் 20 ஓம் வழியாக மண்ணுக்குள் இறங்கும்போது பாடியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். எர்த் வயர் இருக்கிறது, ராடு இருக்கிறது, எல்லா இணைப்பும் சரி, ஆனாலும் தொட்டால் ஆள் காலி. மீட்டரும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். காரணம் தெரியாமல் மின்கட்டணம் எகிறிய வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இப்படிப்பட்ட கசிவைத்தான். இந்த ஓட்டையை அடைக்க வந்த கருவிதான் ஆர்.சி.சி.பி.

ஆர்.சி.சி.பி. எப்படி வேலை செய்யுது?

ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வயரும் ஒரு வளையத்துக்குள்ளே போகின்றன. சமமாக இருந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது ரத்து செய்துவிடும். கொஞ்சம் கரண்ட் வேறு வழியில், அதாவது எர்த் வயரிலோ ஒருவர் உடம்பிலோ, போய்விட்டால் சமநிலை குலையும், உடனே சப்ளையை அறுத்துவிடும்.

வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.04 நொடிக்குள். மேலே சொன்ன 20 ஓம் ராடில் 10 ஆம்பியர் ஓட ஆரம்பித்தால் ஆர்.சி.சி.பி. ஒரு கணம்கூட யோசிக்காது.

அப்படீன்னா ஆர்.சி.சி.பி. மட்டும் போட்டுட்டு எர்த்தை விட்டுடலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பழைய வீட்டுக்காரர்கள். சுவரை உடைத்து மூன்றாவது வயர் இழுக்க மனம் வராது, புரிகிறது. எர்த் இல்லாத வீட்டில் ஆர்.சி.சி.பி. போடுவது ஒன்றுமே போடாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். பணம் கைக்கு வரும் வரை அதையாவது உடனே போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் வித்தியாசம் இதுதான். எர்த் இருந்தால், ஃபேஸ் பாடியைத் தொட்ட அதே நொடியில் கசிவு எர்த் வயரில் ஓடும், ஆர்.சி.சி.பி. விழும். அப்போது வீட்டில் ஆளே இல்லாமல் இருக்கலாம். எர்த் இல்லாவிட்டால் கசிவு ஓட வழியில்லை. யாராவது ஒருவர் வந்து தொடும் வரை அது காத்திருக்கும். தொட்டவரின் உடம்பு வழியாகக் கரண்ட் ஓடிய பிறகுதான் ஆர்.சி.சி.பி.க்குச் செய்தி போகும். பெரும்பாலும் பிழைத்துவிடுவார், ஆனால் உதறலில் ஏணியிலிருந்து விழலாம், கொதிக்கும் பாத்திரத்தைத் தட்டிவிடலாம். அந்தச் சோதனைக்கு வீட்டுக் குழந்தையின் கையைப் பயன்படுத்த யாருக்கும் மனம் வராது.

இன்னொன்று, தரையோடு தொடர்பே இல்லாமல் நின்று ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையாலும் பிடித்தவரை எர்த்தும் காப்பாற்றாது, ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. போன கரண்ட் முழுசாகத் திரும்பிவிடுவதால் அதன் கண்ணுக்கு அவரும் ஒரு பல்புதான்.

நியூட்ரலும் எர்த்தும் கடைசியில ஒரே இடத்துலதான் சேருது. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே? சாக்கெட்லயே ரெண்டையும் சேர்த்துட்டா என்ன?

சேருவது உண்மை. டிரான்ஸ்ஃபார்மரில் சேருகிறது, சில முறைகளில் வீட்டின் மெயின் போர்டுக்கு முன்னாலும் விதிப்படி சேர்ப்பார்கள். ஆனால் நியூட்ரல் வேலை செய்கிற வயர், எப்போதும் கரண்டைச் சுமக்கும். எர்த் காவல் வயர், பழுது வந்தால் மட்டுமே சுமக்கும். எர்த் வயர் வராத சாக்கெட்டின் பின்னால் ஒரு சின்ன வயர்த் துண்டால் இரண்டையும் இணைக்கிற வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் வழியில் எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்து விட்டுப்போகிறது. ஃபேஸ் மட்டும் வருகிறது. சாமானை ஆன் செய்தால், ஃபேஸ் உள்ளே மோட்டாரின் காயிலைக் கடந்து நியூட்ரல் முனைக்கு வந்து, அங்கிருந்து திரும்ப வழியில்லாமல், நீங்கள் போட்ட அந்த வயர்த் துண்டு வழியாகப் பாடிக்கு வந்து நிற்கும். சாமானில் ஒரு பழுதும் இல்லை, இன்சுலேஷன் எல்லாம் புதுசு, ஆனால் பாடியில் 230 வோல்ட். ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போன சாக்கெட்டாக இருந்தால் இன்னும் மோசம்: செருகிய உடனே, ஆன் செய்யாமலேயே, பாடி ஃபேஸ்.

பிளக்குல எர்த் முள்ளு மட்டும் ஏன் நீளமா இருக்கு?

செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. ஃபேஸ் வந்து சேருவதற்கு முன்பே பாடி எர்த்தோடு இணைந்துவிடும். தடிமனாகவும் வைப்பது, மற்ற ஓட்டைகளில் நுழையாமல் இருக்க. பல சாக்கெட்டுகளில் ஃபேஸ், நியூட்ரல் ஓட்டைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறப்பதும் இந்த நீள முள்தான்.

சார்ஜர், ஹேர் டிரையர் எல்லாம் ரெண்டு முள்ளுதான். அதுக்கெல்லாம் எர்த் வேண்டாமா?

அவற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். ஒரு அடுக்கு உரிந்தாலும் அடுத்த அடுக்கு தடுத்துவிடும். கை படும் இடத்துக்கு ஃபேஸ் வரவே முடியாதபடி கட்டியிருப்பார்கள். அதற்கு எர்த் தேவையில்லை, தயாரித்தவர் கொடுக்காததை நீங்களாக இணைக்கவும் கூடாது.

மூன்று முள்ளோடு வந்த சாமான் வேறு ரகம். அதன் பாதுகாப்புக் கணக்கில் எர்த் ஒரு பாகம். அதை அடாப்டர் வைத்து இரண்டு முள் சாக்கெட்டில் செருகினாலோ, முள் இடிக்கிறது என்று மூன்றாவதை வெட்டினாலோ, ஒரே ஒரு அடுக்கு இன்சுலேஷனை நம்பி நிற்கிறீர்கள். தண்ணீரோடு சேர்ந்த சாமான்களில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். வாட்டர் ஹீட்டரின் காயிலைச் சுற்றியிருக்கும் உலோக உறை வெடித்தால் ஃபேஸ் நேராகத் தண்ணீருக்கு வருகிறது. கீழே நனைந்த உடம்போடு ஒருவர் நிற்கிறார்.

ஃப்ரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்குது. செருப்பு போட்டுக்கிட்டா தெரியலை. விட்டுடலாமா?

விடாதீர்கள். செருப்பு உங்கள் காலடியில் திரும்பும் வழியை அடைத்தது, அவ்வளவுதான். பாடியில் இருக்கும் வோல்டேஜ் அப்படியே இருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சுர்ரே வந்திருக்காது. ஆகவே அது இரண்டு செய்தி சொல்கிறது: உள்ளே கசிவு இருக்கிறது, எர்த் விட்டுப்போயிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

லேப்டாப், கம்ப்யூட்டரில் வரும் கூச்சம் கொஞ்சம் வேறு. அவற்றின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் பாடி இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஓடும் கரண்ட் மிகச் சிறியது, அதனால் உடலுக்கு ஆபத்தில்லை. ஆனால் மூன்று முள் பிளக் போட்ட பிறகும் அந்தக் கூச்சம் வருகிறது என்றால், அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை என்று சாமானே உங்களுக்குச் சொல்கிறது.

டெஸ்டர் வச்சுப் பாத்தேன், எர்த் ஓட்டையில எரியலை. அப்போ எர்த் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

அந்த ஓட்டையில் ஃபேஸ் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். எங்கேயும் இணைக்காத வெறும் உலோகத்தில் வைத்தாலும் டெஸ்டர் எரியாது. ஒரு வீட்டில் புத்தம் புதிய சாக்கெட். டெஸ்டர் எரியவில்லை, வீட்டுக்காரருக்குத் திருப்தி. தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை வயர் பெட்டிக்குள் வந்திருந்தது, அழகாக நான்கு சுற்றுச் சுற்றி மூலையில் செருகியிருந்தார்கள். நுனியில் தோல்கூட உரிக்கவில்லை. எர்த் முனையின் ஸ்க்ரூ தொழிற்சாலையில் முறுக்கியபடியே பளபளவென்று இருந்தது. வயருக்கும் அந்த ஸ்க்ரூவுக்கும் இடையே இரண்டு விரல்கடை தூரம்.

பல்பை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவைத்துக் காட்டுவார்கள். அதுவும் முழுச் சான்று இல்லை. 60 வாட் பல்பு எடுப்பது சுமார் 0.26 ஆம்பியர்தான். 20 ஓம் ராடில் அதனால் 5 வோல்ட் போலக் குறையும், பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அதே 20 ஓம் ராடு எம்.சி.பி.யை விழவைக்காது என்று முன்பே கணக்குப் பார்த்தோம். சாக்கெட்டிலேயே நியூட்ரலோடு சேர்த்து ஏமாற்றியிருந்தாலும் பல்பு பிரமாதமாக எரியும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பை வைத்ததும் அது விழுந்துவிட்டால், எர்த் வழி இருக்கிறது என்றாவது தெரியும்.

மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல் 230, ஃபேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட் என்று வந்தால் நல்ல அறிகுறி. நிஜமான பதில் வேண்டுமென்றால் சுற்றின் தடையை ஓமில் அளக்கும் லூப் டெஸ்டர் வேண்டும். வேலைக்கு வருபவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

தண்ணிக் குழாய்ல எர்த்தைக் கட்டினா ஆகாதா?

ஆகாது. குழாய் இன்று உலோகமாக இருக்கும், நாளை ஒரு துண்டு பிளாஸ்டிக்காக மாற்றுவார்கள், எர்த் அத்தோடு போச்சு. அதற்குப் பிறகு ஒரு பழுது வந்தால், வாஷிங் மெஷினில் வர வேண்டிய ஷாக் குளியலறைக் குழாயில் வரும். உலோகக் குழாய்களை வீட்டின் எர்த்தோடு இணைப்பது என்று ஒன்று உண்டு, அது நல்லது: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் உலோகங்களுக்குள் வோல்டேஜ் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ள. குழாயை எர்த்தாக நம்புவதும், குழாயை எர்த்தோடு இணைப்பதும் வேறு வேறு.

எர்த் ராடு எவ்வளவு ஆழம் போகணும்? உப்பு, கரி எல்லாம் போடணுமா?

ஈரம் நிற்கிற மண்ணைத் தொடும் வரை. பொதுவாக இரண்டரை, மூன்று மீட்டர். களிமண்ணில் எளிதாக நல்ல எண் கிடைக்கும். மணலிலும் பாறையிலும் பாடுபட வேண்டும். ஒரு ராடில் தடை குறையவில்லை என்றால் இன்னொன்று அடிக்கலாம், ஆனால் ராடின் நீளம் அளவுக்காவது தள்ளி அடியுங்கள், அதைவிடத் தள்ளினால் இன்னும் நல்லது. பக்கத்திலேயே அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்குபோடும்.

உப்பு போட்டால் தடை குறையும், உண்மை. அதே உப்பு ராடையும், அதில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்பையும் அரிக்கும், மழையில் கரைந்தும் போய்விடும். ஈரத்தைப் பிடித்து வைக்கும், உலோகத்தை அரிக்காத களிமண் கலவைகள் கிடைக்கின்றன, அவையே மேல். எனக்கு ராடைவிட அதன் தலையில் இருக்கும் கிளாம்பு மேல்தான் கவலை அதிகம். பச்சைப் பொடி பூத்த கிளாம்பின் நட்டை விரலாலேயே திருகி எடுத்திருக்கிறேன். கீழே மூன்று மீட்டர் நல்ல ராடு, மேலே நல்ல வயர், நடுவில் தொடர்பே இல்லை.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுது. எர்த் வயரைக் கழட்டி விட்டா விழுறதில்லை. அப்போ கோளாறு எர்த்லதானே?

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான கேள்வி இது. செய்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். கோளாறு ஏதோ ஒரு சாமானின் உள்ளே இருக்கிறது. அந்தக் கசிவு எர்த் வழியாக ஓடியதால் ஆர்.சி.சி.பி. அதைப் பார்த்தது. நீங்கள் எர்த்தைக் கழற்றியதும் ஓடும் வழி போனது, கசிவு போகவில்லை. இப்போது அது பாடியில் நிற்கிறது.

எர்த்தைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு இப்படிச் செய்யுங்கள்: எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. சாதாரண ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் பாடியைத் தொட்டிருந்தால் அணைத்த நிலையிலும் ஆர்.சி.சி.பி. விழும். பிறகு ஆர்.சி.சி.பி.யை மறுபடி ஆன் செய்துவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் ஈரம் ஏறிய ஹீட்டர் காயில். எதுவுமே செருகாமல் விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கும் வயரிங்கில். எந்த ஒரு சாமானைத் தனியாகச் செருகினாலும் விழாமல், எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுந்தால், பல சாமான்களின் சின்னச் சின்னக் கசிவு கூடியிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். லோடை இரண்டு ஆர்.சி.சி.பி.யாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர்ல ஓடும்போதும் எர்த் வேலை செய்யுமா?

எர்த் வயர் ஸ்விட்ச், ஃபியூஸ் எதுவும் நடுவில் இல்லாமல், கரண்ட் இருந்தாலும் போனாலும் அறுபடாமல் ஓட வேண்டும், இன்வெர்ட்டரின் பாடியும் அதில் சேர வேண்டும். பலர் கவனிக்காதது ஆர்.சி.சி.பி.யின் இடம். இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆர்.சி.சி.பி. பேட்டரியில் ஓடும்போது காவலுக்கு வராது. இன்வெர்ட்டருக்குப் பிறகு தனியாக ஒன்று வேண்டும், அது விழும்படி அந்த நேரத்தில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடி விழுந்தா எர்த் காப்பாத்துமா?

காப்பாற்றாது. மின்னலின் கரண்ட் பல்லாயிரம் ஆம்பியர், வீட்டு எர்த் வயர் அதற்கானது இல்லை. அதற்கு இடிதாங்கியும், வயரில் திடீரென ஏறும் வோல்டேஜை அடக்கும் சர்ஜ் காப்பானும் தனியாக உண்டு, இரண்டுக்கும் நல்ல எர்த் வேண்டும். இடி இடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்ல நியூட்ரலை மண்ணோட இணைச்சதாலதானே ஷாக்கே அடிக்குது? இணைக்காம விட்டா பிரச்சினையே இல்லையே?

நல்ல கேள்வி, மண்ணைப் பற்றிய இரண்டாவது பதிலைக் கவனமாகப் படித்தவர்தான் இதைக் கேட்பார். இணைக்காமல் விட்டால், ஒரு வயரை மட்டும் தொட்டவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, கோட்பாட்டில் சரி. ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் பல வீடுகள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு வயர் ஈரச் சுவரைத் தொட்டுவிடும். எந்தக் கருவியும் விழாது, யாருக்கும் தெரியாது. அந்த நொடியிலிருந்து மொத்தச் சப்ளையும் மண்ணோடு இணைந்துவிட்டது, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வயர் வழியாக. அடுத்து மற்ற வயரைத் தொடுபவருக்கு முழு ஷாக்.

அதோடு டிரான்ஸ்ஃபார்மருக்குள் உயரழுத்தப் பக்கத்தின் இன்சுலேஷன் உடைந்தால் பல ஆயிரம் வோல்ட் வீட்டு வயருக்குள் வரும். நியூட்ரல் மண்ணில் இருந்தால் அதை அடக்கிச் சப்ளையை அறுக்க முடியும். மருத்துவமனை அறுவைச் சிகிச்சை அறைகளில் மண்ணோடு இணைக்காத சப்ளையைப் பயன்படுத்துகிறார்கள்தான். ஆனால் அங்கே ஒரு சின்ன இடத்துக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர், முதல் பழுதிலேயே கத்துகிற கண்காணிப்புக் கருவி, பார்க்க ஆள் எல்லாம் இருக்கும்.

ஆர்.சி.சி.பி.யில டெஸ்ட் பட்டனை அழுத்தினா விழுது. எர்த்தும் சரின்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டன், கருவிக்கு உள்ளேயே ஒரு சின்னத் தடை வழியாகக் கொஞ்சம் கரண்டை வளையத்துக்கு வெளியே சுற்றிவிடுகிறது. எர்த் வயர் அதில் வரவே வராது. எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் விழும். கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், அழுத்தாமல் விட்டால் உள்ளே இறுகிப்போகும்.

எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். வருடத்தில் மண் மிகவும் காய்ந்திருக்கும் மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள், ராடின் தடை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், மழைக்காலத்து எண் ஏமாற்றும். அதே நாளில் கிளாம்பின் நட்டையும் மெயின் போர்டில் எர்த் ஸ்க்ரூக்களையும் இறுக்கச் சொல்லுங்கள். கிடைத்த ஓம் அளவையும் தேதியையும் போர்டுக் கதவின் உட்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த முறை அளக்க வருபவர் அந்த எண்ணைத் தன் எண்ணோடு வைத்துப் பார்ப்பார்.